திறக்காமல் அறிதல்

புத்தூர்க் கட்டு என்றால் தமிழகத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. கை, கால் முறிந்தோர் நெடுந்தொலைவிலிருந்தும் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதைப் பார்த்தே வளர்ந்தேன். கட்டுப் போடுபவர் தோலைக் கிழித்துப் பார்ப்பதில்லை. விரலால் தடவியே முறிவை அறிகிறார். இதைச் சிறுவயதிலேயே கண்டிருந்தும், ஒரு கேமராவின் முன் அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எல்லைப்புறத் திண்ணை வீடுகளைப் பற்றிய ஆய்வுக்காகத் தந்தையாரின் பழைய கம்பாக்ட் கேமராவை எடுத்துக்கொண்டேன். 35 மி.மீ. பிலிம்; நெம்புகோலை விரலால் தள்ளிச் சுற்ற வேண்டும். கைப்பேசி இருக்க இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டனர். நெகட்டிவ் என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆவணம் என்ற ஆசைதான். உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் பிலிம் செய்த காலம் முடிந்துவிட்டது. இன்று ஒரு ரோல் வாங்குவதே ஆய்வு மாணவனுக்குச் செலவுதான்.

முதல் ரோலை நாராயணவனத்துத் தெருக்களில் எடுத்தேன். எண்காட்டி 36ஐக் கடந்து 39 வரை போயிற்று. மூன்று படம் இலாபம் என்று மகிழ்ந்தேன். திருப்பதியில் ஸ்டூடியோக்காரர் கழுவித் தந்த பிலிமில் ஒரு படமும் இல்லை. "தம்பி, இது வெளிச்சம் பட்டுக் கெட்ட ரோல் இல்லை, வெளிச்சமே படாத ரோல்," என்றார். ஓரத்தில் ஆலையிலேயே பதித்த எண்கள் தெளிவாக இருந்தன. அவையும் இல்லாதிருந்தால் கழுவியதில் பிழை இருந்திருக்கும். எண்கள் இருந்து படம் இல்லையென்றால், பிலிமின் நுனி எதிர் உருளையில் சிக்கவே இல்லை என்று பொருள். என் கேமராவின் எண்காட்டி நெம்புகோலின் சுற்றுகளைத்தான் எண்ணியது. பிலிம் நகர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாம் ரோலைப் பாட்டி வீட்டில் தொடங்கினேன். முதலில் பாட்டி, பிறகு முற்றம், கடைசியாகத் திண்ணை. இருபதாம் படத்தில் பழைய அச்சம் பற்றிக்கொண்டது. நகர்கிறதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தேன். பிலிம் ஒழுங்காகவே சுற்றியிருந்தது. உடனே மூடியும் பயனில்லை. முதற்பிழையின் அச்சமே இரண்டாம் பிழையைச் செய்தது.

ஆயினும் எல்லாம் அழியவில்லை. எடுத்த படங்கள் உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்வதால், முதலில் எடுத்தவை அடியில் மறைந்து தப்பின. எடுக்காத பகுதி ரோலின் கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. மேற்சுற்றில் இருந்த திண்ணைப் படங்களே போயின. ஒன்றில் மட்டும் பாதித் திண்ணை, மீதி செம்மஞ்சள் படலம்.

திறக்காமலே அறிந்திருக்கலாம். பிலிமை நிழலில் மாட்டி, நுனியை உருளையில் செருகி, இருபக்கத் துளைகளும் பற்களில் பொருந்தியதைப் பார்த்துக் கதவை மூட வேண்டும். பின், ரீவைண்டு கைப்பிடியை இலேசாகத் திருப்பித் தளர்வை நீக்க வேண்டும். அதன்பின் நெம்புகோலைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டாலோ, 36ஐக் கடந்தும் இறுக்கம் வராவிட்டாலோ ஐயுறலாம். அப்போதும் திறந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் முழுவதும் ரீவைண்டு செய்ய வேண்டும். இடையில் சிக்கிக்கொண்டால் வெளிச்சம் புகாத இருட்டறை வேண்டும்.

கறை வந்தபின்னும் காரணத்தைப் பிரித்தறியலாம். படத்துக்குப் படம் ஒரே இடத்தில் வந்தால், பெரும்பாலும் கதவோரத்துக் கரும்பஞ்சு இற்றுப்போயிருக்கும். அடுத்தடுத்த சில படங்களில் மட்டும் என்றால், திறந்த கையே காரணம்.

பாட்டி நலமாக இருக்கிறார். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், திண்ணை இல்லை. தெளிவான படம் வேண்டும் என்றார் நெறியாளர். என்னிடம் இல்லை. அந்தக் கறைபட்ட படத்தையே மூன்றாம் இயலில் சேர்த்து, கறை எப்படி வந்தது என்பதையும் அதன்கீழ் எழுதியிருக்கிறேன்.