இழுப்பறையில் இருந்த நாவல்

2015 ஜனவரி நடுவில் ஒரு மாலை, எங்கள் படிப்பகத்தின் நாவல் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மிரட்டல் கடிதமோ தொலைபேசி அழைப்போ வரவில்லை. நண்பர்கள் சிலர் மாதாமாதம் பணம் போட்டு வாடகை அறையொன்றில் நடத்தும் சிறு படிப்பகம் அது. இரவல் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது.

நூல், பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’. 2010இல் காலச்சுவடு வெளியிட்ட நாவல். குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியரின் துயரத்தையும், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவை ஒட்டிய வழக்கம் ஒன்றையும் பேசுவது. நான்கு ஆண்டுகள் அதை வாசித்தவர்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன, பின்னர் கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் நடந்த கூட்டத்தில், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்பதாகவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் அவர் கையொப்பமிட நேர்ந்தது. அதன்பின், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். அச்செய்தியைப் படித்த சில நாட்களுக்குள்தான் நான் இழுப்பறையைப் பூட்டினேன்.

நூலைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது வந்து கிழித்துவிட்டால்? அறையின் உரிமையாளர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டால்? கேள்விகள் நியாயமானவையாகவே தோன்றின. பயம் எப்போதும் நியாயத்தின் சட்டையைத்தான் அணிந்துகொண்டு வருகிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். எங்கள் படிப்பகத்துக்கு வாராவாரம் வருபவள். “அண்ணா, மாதொருபாகன் இருக்குதா?” என்றாள். இரவல் போயிருப்பதாகச் சொன்னேன். “யாரோ படிக்கிறாங்கல்ல, அதுவே போதும். திரும்பி வந்ததும் எனக்கு எடுத்து வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நூல் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பிற்பாடு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நாவலை எந்த அரசும் தடை செய்யவில்லை. தடை செய்வதற்கென்று ஒரு சட்டவழி உண்டு. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 98ஆம் பிரிவு. நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் மாநில அரசு காரணங்களைக் கூறி அறிவிக்கை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கொடுமையான அதிகாரம்தான். ஆனால் அதற்கு ஒரு தேதி உண்டு, ஒரு கையொப்பம் உண்டு. ஆகவே எதிர்த்து வழக்காட ஓர் இடமும் உண்டு. 1928இல், பாரதி மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய தேசியப் பாடல் தொகுதிகளைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தபோது, சத்தியமூர்த்தி சட்டசபையிலேயே எழுந்து அதை எதிர்த்து வாதாட முடிந்தது. காலனி அரசின் ஆணையானாலும் அது காகிதத்தில் இருந்தது.

என் இழுப்பறைக்கு ஆணை எண் இல்லை. அதை எதிர்த்து யார், எங்கே மேல்முறையீடு செய்வது? அந்த மாணவிக்குத் தான் மறுக்கப்பட்டதே தெரியாது.

2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. நாமக்கல் உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை வாசகர் தூக்கி எறிந்துவிடலாம் என்றது. எழுத்தாளரை மீண்டும் எழுதச் சொன்னது. அவரும் எழுதினார். அன்று மாலையே நூலை அலமாரியில் திரும்ப வைத்தேன். பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தேதிச்சீட்டில் கடைசி முத்திரை 2014 நவம்பருடையது. மாணவி படிப்பு முடித்து ஊரைவிட்டுப் போயிருந்தாள். நீதிமன்றம் எழுத்தாளருக்கு அவருடைய எழுத்தைத் திருப்பித் தந்தது. அவளுக்கு நான் தர வேண்டியதை யாரும் தந்துவிட முடியாது.

சீர்காழியில் பிறந்து நம் நூலகவியலின் தந்தையான எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வகுத்தார். வாசகர் நூலைத் தேடுவதைப் போலவே நூலும் தன் வாசகரைக் காத்து நிற்கிறது என்னும் எண்ணம் அவற்றில் உண்டு. அந்தச் சந்திப்பை நடத்திவைப்பதுதான் நூலகரின் வேலை. நான் செய்தது அதற்கு நேர் எதிரானது. அதுவும் நூலின் மீதுள்ள அன்பின் பெயரால்.

இப்போது எங்கள் படிப்பகத்தில் ஒரு தனி நோட்டு இருக்கிறது. எந்த நூலை அலமாரியிலிருந்து விலக்கினாலும், நூலின் பெயர், தேதி, காரணம், விலக்கியவர் கையொப்பம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். எந்த உறுப்பினரும் எடுத்துப் பார்க்கலாம். கரையான் அரித்தவை, பக்கம் உதிர்ந்தவை என்று பத்துப் பன்னிரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதல் பதிவை மட்டும் நான் பழைய தேதியிட்டு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் என்னவெல்லாமோ எழுதத் தோன்றியது. கடைசியில் ‘பயம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.