கேட்டுச் சாப்பிட ஒரு கடை

கிளிவெட்டி வயல்களில் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு நானும் என் கணவரும் ஜப்பானுக்குப் புறப்பட்டோம். டோக்கியோவில் வேலை பார்க்கும் மகனைப் பார்த்து நான்கு வருடங்களாகியிருந்தன. எங்கள் வீடு தோப்பூரில், வயல் கிளிவெட்டியில். பக்கத்து வயல்காரரின் மனைவி எனது நீண்ட காலத் தோழி. விடை பெறப் போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அக்கா, அந்த ஊரில உங்களுக்கு ஏத்த சாப்பாடு கிடைக்குமா? நானெண்டா வெள்ளிக்கிழமையில அங்க பட்டினிதான்!"

போய் வந்து சொல்கிறேன் என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே சகோதரிகளுக்கும் எழுதுகிறேன். பிள்ளைகள் தொழிலுக்கும் படிப்புக்குமாக ஜப்பானில் இருக்கும் வீடுகள் இன்று நம்மிடையே பல உண்டு. எங்களைப் போல் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இது பயன்படலாம்.

திருகோணமலைப் பக்கத்து மூத்தவர்களுக்கு ஜப்பான் என்றதும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி துறைமுகத்தின் மீது விழுந்த குண்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இளையவர்களுக்கோ வேனும் மோட்டார் சைக்கிளும். நான் போய்ப் பார்த்த ஜப்பான் சோற்றையும் மீனையும் நம்மைப் போலவே நேசிக்கும் நாடு. அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜும்ஆவுக்குப் பின் பசி

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. யோயோகி உயெஹாரா என்ற இடத்திலுள்ள டோக்கியோ ஜாமிஆப் பள்ளிவாசலுக்கு மகன் எங்களை அழைத்துப் போனார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் அகதிகளாக வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் 1938இல் அங்கே முதற் பள்ளிவாசலைக் கட்டினார்கள். அது பழுதடைந்து 1986இல் இடிக்கப்பட்டது. துருக்கியின் உதவியுடன் 2000ஆம் ஆண்டில் இன்றைய அழகான பள்ளிவாசல் திறக்கப்பட்டது. பெண்கள் தொழ மேல்மாடியில் இடமிருக்கிறது. அங்கே ஸுஜூதில் தலை வைத்தபோது ஊரில் இருப்பது போலவே மனம் அமைதியடைந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

தொழுகை முடிந்ததும் பசி. "ஷின் ஓகுபோவுக்குப் போவோம். அங்கே ஹலால் கடைகள் வரிசையாக இருக்கின்றனவாம். பிரியாணி கிடைக்கும்" என்றார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரியாணி தின்னவா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்? ஒரு நேரமாவது அந்த ஊர்ச் சாப்பாட்டை, அந்த ஊரவர் இருந்து சாப்பிடும் கடையில், நம் கைக்கு எட்டும் விலையில் சாப்பிட வேண்டும் என்றேன்.

மகன் தலையைக் குனிந்தார். "உம்மா, நான் இங்கே கடையில் சாப்பிடுவது மிகக் குறைவு. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்க வெட்கமா இரிக்கி. தொழிற்சாலை நண்பர்கள் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு அறைக்கு வந்து பாணும் முட்டையும் சாப்பிடுவேன். ஓரிரு தடவை கேட்காமலே சூப்பும் குடித்திருக்கிறேன்."

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. நான்கு வருடம் வெட்கத்தில் தனியே சாப்பிட்டிருக்கிறான் பிள்ளை! கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. "வா மகன், இன்றைக்கு நான் கேட்கிறேன். நீ மொழிபெயர்த்தால் போதும்" என்றேன்.

எதை விலக்குவது?

ஜப்பானியச் சமையலில் பன்றியிறைச்சி வெளிப்படையாக இருப்பதை விட்டு விலகுவது சுலபம். ஒளிந்திருப்பவைதான் சிரமம். ராமென் என்ற நூடில்ஸ் சூப் பல கடைகளில் பன்றி எலும்பைக் கொதிக்க வைத்து எடுக்கப்படுகிறது. மிரின் என்பது சமையலுக்கான இனிப்பு அரிசி மது. அசல் மிரினில் மதுசாரம் 14 சதவீதமளவு இருக்கும். சாகே என்ற அரிசி மதுவையும் மீன் நாற்றம் போகவென்று ஊற்றுவார்கள். இறைச்சிக்குத் தடவும் இனிப்புக் குழம்பிலும், விலாங்கு மீனுக்குப் பூசும் குழம்பிலும், முட்டை ஆம்லெட்டிலும்கூட மிரின் இருக்கலாம். தெம்புரா என்ற இறால் பொரியலில் ஒன்றுமில்லை என்று நினைப்போம். அதே எண்ணெயில் பன்றி கட்லட் பொரித்திருந்தால்?

ஷோயு என்ற சோயாக் குழம்பு இயற்கையாக நொதிக்கும்போது சுமார் 2 சதவீதம் மதுசாரம் தானாகவே உண்டாகிறது. சில கம்பனிகள் கெடாமலிருக்க மேலும் சேர்க்கின்றன. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புறப்படுமுன் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்வது நல்லது. ஸுஷிச் சோற்றில் கலக்கும் அரிசி வினாகிரியைப் பொறுத்தவரை, தானாக வினாகிரியாக மாறியது ஆகுமானது என்பதில் பிணக்கில்லை. ஆனால் அதனோடு மிரினும் கலந்தார்களா என்று கேட்க வேண்டும்.

கடலுணவு நமக்குப் பெரிய ரஹ்மத். கடலில் பிடிப்பதும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டதை அல்குர்ஆன் 5:96 கூறுகிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு மீனோடு கணவாயும் ஆகும். ஹனஃபி மத்ஹபினர் மீனோடு நிறுத்திக் கொள்வார்கள். இறாலில் அவர்களிடையே இரு கருத்துண்டு. சம்பந்தி வீட்டார் கூட வந்தால் இதையும் நினைவில் வைக்க வேண்டும்!

நான்கு கடை வாசல்கள்

ரயிலேறி ஷிஞ்ஜுகு வந்தோம். அங்கே பெரிய கடைத் தொகுதிகளின் மேல்மாடிகளில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கடை வாசலிலும் கண்ணாடிக்குள் அசல் போலவே பிளாஸ்டிக்கில் செய்த சோறும் மீனும் விலையோடு வைத்திருக்கிறார்கள். மொழி தெரியாதவருக்கு இது பெரிய வசதி. உள்ளே போகுமுன்பே செலவு தெரிந்துவிடுகிறது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் 4000, 5000 யென் கேட்கும் கடைகள் சிலவற்றில் பகலில் 1000 யென்னுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஒரு முழுச் சாப்பாடு கிடைக்கும். நம் காசில் ஏறத்தாழ 2000 ரூபாய். தெய்ஷொகு என்பார்கள்: சோறு, ஒரு கறி, சூப், ஊறுகாய் எல்லாம் ஒரே தட்டத்தில் வரும். தண்ணீருக்கும் தேநீருக்கும் அனேகமாகக் காசில்லை. சந்தோசம் கொடுக்கும் வழக்கமும் இல்லை. 10 சதவீத வரி விலைக்குள் அடக்கமா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். இஸகாயா என்று பெயரிட்டவை மதுச்சாலைகள். மலிவென்று நுழைந்துவிடக் கூடாது. மது புழங்கும் மேசைகள் மற்றக் கடைகளிலும் உண்டு. பகல் நேரத்தைத் தெரிவு செய்தால் அது பெரும்பாலும் குறையும்.

முதற் கடை நூடில்ஸ். சூப் பன்றி எலும்பா என்று மகன் கேட்டார். ஆமென்று நேர்மையாகச் சொன்னார்கள். நன்றி சொல்லி வந்தோம்.

இரண்டாவது, தட்டுகள் பட்டையில் சுற்றி வரும் ஸுஷிக் கடை. 1958இல் ஒஸாகா பக்கத்தில் ஒருவர் தொடங்கி வைத்த முறை இது. மலிவுக்குப் பெயர் போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் சோறும் குழம்பும் வேறிடத்தில் தயாராகி வருவதால் அங்கிருந்த பிள்ளைக்கு எங்கள் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "பச்சை மீனா!" என்று கணவரும் பின்வாங்கினார்.

மூன்றாவது கடையில் முஸ்லிம்களுக்கு உகந்தது என்ற அட்டை தொங்கியது. மகிழ்ந்து போய்க் கேட்டால், இறைச்சி ஹலால், குழம்பில் மிரின் உண்டு என்றார்கள். ஜப்பானில் ஹலால் சான்றிதழை அரசு வழங்குவதில்லை. பல தனி அமைப்புகள் வழங்குகின்றன. அட்டையைப் பார்த்த பிறகும் கேட்கத்தான் வேண்டும் என்று அன்று படித்தேன்.

நான்காவது, மீன் சுடும் சிறிய கடை. கேள்வியைக் கேட்டதும் பரிமாறிய பெண் உள்ளே போய்ச் சமையற்காரரையே அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக் கொண்டு மகன் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்: இந்த மீன் சாகேயில் ஊறியது, வேண்டாம். இது மிஸோ தடவியது, வேண்டாம். இந்த ஸபா மீனுக்கு உப்பு மட்டும். நாம் டின்மீனாக உண்ணும் மக்கரல் இனம்தான் அது. மற்ற மீன் சுட்ட கம்பியில் படாமல் புதுத் தகடு விரித்துச் சுட்டுத் தருவதாகவும் சொன்னார். சூப்புக்கான மிஸோப் பொதியை எடுத்து வந்து காட்டினார். மதுசாரம் சேர்த்ததாக அதில் அச்சிட்டிருப்பதை மகன் வாசித்தார். அவரே சூப்பை விலக்கிவிட்டு இஞ்சி துருவிய தோஃபு வைத்தார். ஊறுகாயும் போயிற்று. ஷோயுவுக்குப் பதில் உப்பும் எலுமிச்சையும் வந்தன.

பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டோம். தோல் மொறுமொறுவென்று சுட்ட மீன், ஆவி பறக்கும் சோறு. மூன்று பேருக்கும் 3300 யென். மகன் சோற்றை இரண்டாம் தடவை வாங்கினார். "இவ்வளவு காலம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே, உம்மா" என்றார்.

நம் வீட்டு மாசி

புறப்படும்போது சமையற்காரர் ஒரு கட்டையைக் காட்டினார். பார்த்தவுடன் சிரித்துவிட்டேன். நம் மாசிக் கருவாடு! ஜப்பானியர் கட்சுவோபுஷி என்கிறார்கள். அதே சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லாகக் காய வைக்கிறார்கள். உயர்ந்த வகைக்குப் பூஞ்சணமும் பிடிக்க வைக்கிறார்கள். மாலைதீவு மாசியில் அது இல்லை. நாம் இடித்துச் சம்பலில் போடுகிறோம். அவர்கள் மெல்லிய சுருளாகச் சீவி, தாஷி என்ற சாறெடுத்துச் சூப்புக்கெல்லாம் அடியாக வைக்கிறார்கள். இதை மகன் மொழிபெயர்த்ததும் அந்த மனிதருக்கும் சிரிப்பு வந்தது.

மீண்டும் கிளிவெட்டி

ஊர் வந்து தோழியிடம் எல்லாம் சொன்னேன். "காய்கறிச் சூப்பிலும் மாசிச்சாறு இருக்கும், கவனம். உனக்குப் பௌத்த மடங்களின் சமையல்தான் சரி. ஷோஜின் என்று பெயர். மீனுமில்லை, இறைச்சியுமில்லை. கடற்பாசியில் சாறெடுப்பார்கள்" என்றேன். "அப்ப நானும் போகலாம்!" என்றாள்.

பிறகு தேநீர் வந்தது. எங்களுக்கென்று அவள் வீட்டில் தனியாக வைத்திருக்கும் கோப்பையில். எங்கள் கையால் அறுத்த கோழியைத்தான் எங்களுக்குச் சமைப்பாள். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. 2006இல் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடினோம். சம்பூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் கிளிவெட்டி முகாமில் கிடந்தார்கள். அவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கோப்பை அங்கே இருந்தது. கேட்காமலே நம்மை அறிந்தவர்களிடையே வளர்ந்ததால்தான், அறியாதவர்களிடம் கேட்பதற்கு நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள் போலும்.

சகோதரிகளே! பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மாசிச் சம்பலும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுக்கிறோம். "இது எங்கள் மார்க்கத்தில் ஆகாது, இதில் அது இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்கும் வசனத்தை அந்த நாட்டு மொழியில் எழுதி அதனோடு வையுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் சாப்பிடட்டும். தெரியாத கடையிலிருந்து நன்றி சொல்லி எழுந்து வரட்டும். கேட்பதில் வெட்கமில்லை.

இப்போது மகன் மாதத்தில் ஓரிரு தடவை நண்பர்களோடு அந்த மீன் கடைக்குப் போகிறாராம். அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கிருந்தாலும் ஹலாலான ரிஸ்க்கைத் தருவானாக. ஆமீன்!