நாலு கிலோ பேட்டரி



நம்ம வள்ளூரிலிருந்து மீஞ்சூர் போகும் ரோட்டில் என் மாமாவுக்கு பேட்டரி கடை. லீவு விட்டால் நான்தான் எடுபிடி. லாரி பேட்டரி தூக்கித் தூக்கி மாமாவுக்கு இடுப்பே போச்சு.

போன கோடை விடுமுறையில், இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டும் ஒரு அண்ணன் தன் கார் பேட்டரியைச் சார்ஜ் போடக் கொடுத்தார். ஒரே கையில் தூக்கிட்டேன்! சாதா ஈய பேட்டரி 15 கிலோ இருக்கும், இது நாலு கிலோதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாம். டிஸ்டில்டு வாட்டர் ஊத்த மூடி தேடினேன், மூடியே இல்லை! சரின்னு பழைய சார்ஜரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அது 16 வோல்ட் வரை தள்ளும். லித்தியத்துக்கு 14.6-க்கு மேல் ஆகாது. காலையில் வந்தால் பேட்டரி உப்பிக் கிடக்கிறது.

"லேசா இருக்குன்னு லேசா நினைச்சிட்டியாடா?" என்றார் மாமா, அவ்வளவுதான். புது பேட்டரிக்கு அவர்தான் பணம் கட்டினார், மூணு தவணையில்.

வாங்கும்போது நானும் போனேன். செல்களைக் காக்கும் சர்க்யூட் உள்ளே இருக்கா, இன்ஜினைச் சுழற்ற ஆம்பியர் போதுமா என்று கேட்டோம். 2010-ல் போர்ஷே கம்பெனி 911 ஜிடி3 காருக்கு 6 கிலோவுக்கும் குறைந்த லித்தியம் பேட்டரி கொடுத்தபோது, குளிர்காலத்துக்கென்று கூடவே ஒரு ஈய பேட்டரியும் கொடுத்ததாம். நமக்குக் குளிர் ஏது? இன்ஜின் சூடுதான் எதிரி. அதனால் சீட்டுக்குப் பின்னால் வைத்தோம்.

ரேஸ் இல்லாத மாதங்களில் கார் சும்மா நிற்கும். நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்ப்பது என் வேலை. 13.3 வோல்ட் காட்டின பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்