காப்பிப் பூவும் கன்றுக்குட்டியும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருவோர் ஏரியையும் பனிமூட்டத்தையும் கண்டு களித்து அன்றே திரும்பிவிடுகின்றனர். ஏரிக்கு அப்பால், சேர்வராயன் மலையின் சரிவுகளில், காலை 4 மணிக்கே விளக்கெரியும் மாட்டுத் தொழுவங்கள் உண்டு என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. அத்தகைய தொழுவம் ஒன்றைச் சுற்றித்தான் எங்கள் குடும்பமும் வளர்ந்தது.

மலையைக் குறிஞ்சி என்றும், காட்டையும் மேய்ச்சலையும் முல்லை என்றும் நம் முன்னோர் வகுத்தனர். முல்லைக்கு உரிய ஒழுக்கம் 'இருத்தல்', அதாவது பொறுத்துக் காத்திருத்தல். அவ்வகையில் மலைமேல் வாழும் நாங்கள் குறிஞ்சி மக்களாயினும் வாழ்க்கை முறையால் முல்லைக்கு உறவினரே. காத்திருத்தலே எங்கள் தொழில்.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். பெருந்தோட்டங்களுக்கு இடையே எங்களைப் போன்ற சிறு விவசாயிகளும் இன்று ஓரிரு ஏக்கரில் காப்பியும் மிளகும் வளர்க்கின்றனர். பங்குனியில் பெய்யும் கோடை மழைக்கு 'பூ மழை' என்று பெயர். அம்மழை நன்கு நனைத்தால், பத்து நாள்களுக்குள் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரெனப் பூத்து மணக்கும். அப்பூ காயாகிப் பழமாகச் சிவக்க எட்டு, ஒன்பது மாதங்கள் வேண்டும். பசுவோ சினைப்பட்டு ஏறத்தாழ 280 நாள்களில் ஈனும். ஆகவே, பூ மழையின் நாளையும் பசு சினைப்பட்ட நாளையும் அம்மா நாள்காட்டியின் ஒரே தாளில் குறித்து வைப்பார். இரண்டு பிறப்புகளையும் ஒருங்கே எதிர்நோக்கி எங்கள் ஆண்டு நகரும்.

ஆடி, ஆவணி மழையில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புல்லறுக்கச் செல்வோரின் கால்களை அட்டைகள் விடுவதில்லை. நிழலுக்காக நட்ட கல்யாண முருங்கையின் கிளைகளைக் கழித்தால் அத்தழை ஆடுகளுக்கு உணவாகும். தொழுவத்துச் சாணம் மக்கி மீண்டும் காப்பிச் செடியின் வேருக்கே செல்லும். கோமாரி வந்தால் வாய்ப்புண்ணால் மாடு தீனி எடுக்காது, பாலும் வற்றும். முன்பெல்லாம் அந்நோய்க்கு அஞ்சியே மழைக்காலத்தைக் கழித்தோம். 2019இல் தொடங்கிய நடுவண் அரசின் திட்டத்தால் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கிறது.

மார்கழியும் தையும் எங்களுக்கு மூச்சுவிட நேரமற்ற மாதங்கள். பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே செடியை மூன்று, நான்கு முறை பார்த்துப் பறிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் கூடையை இடுப்பில் கட்டிப் புறப்பட்டால், ஈனும் நிலையிலுள்ள பசுவுக்குக் காவல் பாட்டி. கன்று விழுந்ததும் வைக்கோலால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்வார். கன்று குடித்த பின் எஞ்சியதில் வெல்லமிட்டுக் காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அனுப்புவார். கன்று வயிறாரக் குடிக்கும் முன் எங்கள் நாவில் ஒரு துளியும் படாது. பாட்டி சொல்லித் தராமலே நாங்கள் கற்ற நீதி அது.

காப்பி ஆண்டுக்கு ஒரு முறை பணம் தரும். பசு அன்றாடம் தரும். கடன் அடைந்தது காப்பியால் என்றால், அடுப்பு எரிந்ததும் பள்ளிக் கட்டணம் கட்டியதும் பாலால்தான்.

அப்பள்ளிப் படிப்பே எங்களைத் தொழுவத்திலிருந்து பிரித்தது. அண்ணன் திருப்பூரில் பனியன் தொழிலுக்குச் சென்றார். தங்கை சேலத்தில் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். பாட்டி மறைந்தார். அப்பாவுக்கு முழங்கால் வலி சரிவேற விடவில்லை. பறிக்க ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. சென்ற பொங்கலுக்கு அனைவரும் கூடியிருந்தபோது, மூன்று மாடுகளுக்கும் சேர்த்து விலை பேசத் தரகர் வந்தார்.

"இனி எதற்கம்மா இந்தப் பாடு? எங்களோடு வந்துவிடுங்கள்" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் அன்பு இருந்தது, நியாயமும் இருந்தது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின், "இரண்டைக் கொடுத்துவிடுங்கள். சினைப்பசு இருக்கட்டும். விடியலில் என்னை எழுப்ப ஓர் உயிர் வேண்டாமா?" என்றார். அப்பா தரகரிடம் திரும்பி இரண்டுக்கு மட்டும் விலை கேட்டார். இரண்டு மாடுகளும் வண்டியில் ஏறிச் சென்ற மாலையில் எவரும் சரியாக உண்ணவில்லை.

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. அன்றைய விலையை எண்ணிப் பார்த்தபோது, அச்செல்வம் தரகர் தந்த தாள்களில் இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. தன்னை நம்பி ஓர் உயிர் காத்திருக்கிறது என்ற உணர்வே ஒரு மனிதரை எழுப்பி நடக்க வைக்கிறது. பிள்ளைகள் தொலைவுக்குச் சென்றுவிட்ட இல்லங்களில், முதிய பெற்றோருக்கு அவ்வுணர்வை நாம் விட்டுவைத்திருக்கிறோமா? ஓய்வைக் கொடுப்பதாக எண்ணி, அவர்களின் விடியலையே எடுத்துக்கொள்கிறோமா?