எந்தப் பக்கம் வளையும்?

பஞ்சர் கடை பெஞ்சில் எனக்கு முன்னால் இரண்டு சைக்கிள். முதலாவதின் சொந்தக்காரன் ஏழாவதோ எட்டாவதோ படிப்பான். சும்மா உட்காரப் பொறுக்காமல், கிடந்த ஸ்போக்ஸ் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துச் சிமெண்டுத் தரையில் செங்குத்தாக நிறுத்தினான். உச்சியில் பழைய டியூப் துண்டு. அதன்மேல் உள்ளங்கை.

அழுத்தினான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அப்போதும் அப்படியே. இன்னும் ஒரு துளி, சட்டென்று வில்லாகிவிட்டது, கிழக்கே பார்த்து. கையை எடுத்தான், நிமிர்ந்துகொண்டது. மறுபடி அழுத்த, இந்த முறை சாக்கடைப் பக்கம்.

"ஒவ்வொரு தடவையும் வேற பக்கமா வளையுதுண்ணே."

"நேரா அமுக்குடா." கடைக்காரர் வாளித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"நேராத்தாண்ணே அமுக்குறேன்."

பையன் சொன்னதுதான் சரி. மேலிருந்து இறங்கும் விசைக்குக் கிழக்கும் சாக்கடையும் ஒன்றுதான். 1744இல் கணிதவியலாளர் ஆய்லர் போட்ட கணக்கும் எவ்வளவு பாரத்தில் வளையும் என்று சொல்லும். எந்தப் பக்கம் என்று கேட்டால் வாய் திறக்காது. ஒரு தூசி, கையில் ஒரு நடுக்கம் போதும், முடிவாகிவிடும். விதி நடுநிலையாகத்தான் இருக்கிறது, கம்பிதான் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். இதற்கு இயற்பியலார் வைத்த பெயர் தன்னிச்சையான சமச்சீர் முறிவு. பெயரைக் கேட்டுத்தான் பாதிப்பேர் ஓடுகிறோம்.

அடுத்து அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அழுத்திய கையை எடுக்காமல், மறுகை விரலால் கம்பியின் வயிற்றைப் பக்கவாட்டில் தள்ளினான். வழுக்கிக்கொண்டு ஒரு முழுச் சுற்று வந்தது, எதிர்ப்பே இல்லாததுபோல. உள்ளே தள்ளி நிமிர்த்தப் பார்த்தான், விரல்நுனி வெளுத்தது.

மின்தடையே இல்லாத மீக்கடத்திகளை யோசித்துக்கொண்டிருந்த இயற்பியலாளர் யோய்ச்சிரோ நம்பு, 1960 வாக்கில் இந்த முறிவைத் துகள்களின் உலகுக்குக் கொண்டுபோனார். அங்கே சும்மா சுற்றிவருவது நிறையில்லாத துகள். 1961இல் இன்னொரு இயற்பியலாளர் கோல்ட்ஸ்டோன் சொன்னது அது. உள்ளே தள்ளும்போது முரண்டு பிடிப்பது நிறையுள்ள துகள். 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் துகள் இந்த இரண்டாம் ஜாதி. இந்த முறிவுக்காக நம்புவுக்கு நோபல் கிடைத்தபோது வயது 87.

பஞ்சர் ஒட்டியாயிற்று. பையன் காசைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் போட்டுவிட்டுப் போனான்.

கடைக்காரர் தெருவை ஒருமுறை பார்த்தார். கம்பியை எடுத்து நிறுத்தி, டியூப் துண்டை வைத்து அழுத்தினார். நான் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.