பெயரும் குரலும்

இலண்டனின் வெஸ்ட் எண்ட் அரங்குகளில் அரங்கேறிய இசைநாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குச் செல்கையில், நடிப்போர் மாறுவதுண்டு. 'சன்செட் பூல்வர்டு' நாடகத்தில் 1993இல் இலண்டனில் நாயகியாகப் பாடியவர் பேட்டி லுபோன். பிராட்வேயிலும் அவரே பாடுவதாக ஒப்பந்தம். ஆயினும் 1994இல் அவ்விடம் திரைநட்சத்திரம் கிளென் குளோசுக்குத் தரப்பட்டது. லுபோனுக்கு இழப்பீடு கிடைத்தது, மேடை கிடைக்கவில்லை. குளோசும் திறமையாளரே; 1995இல் டோனி விருது பெற்றார்.

திரையுலகம் மறந்துவிட்ட நடிகை ஒருத்தியின் துயரமே அந்நாடகத்தின் கதை. அவளாக நடித்தவரையே அரங்கம் கைவிட்டது!

முதலாளிகளை மட்டும் கடிந்து பயனென்ன? பெயரைக் கண்டு நுழைவுச்சீட்டு வாங்குவோர் நாமல்லவா? பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிருக்கை தருவோரைக் கடியும் யாக்கோபின் திருமுகம் நம்மையும் நோக்கியே எழுதப்பட்டுள்ளது.