பழவேற்காட்டில் ஒரு பகல்

மத்தியதரைக் கடலோரத்துப் பழந்துறைமுகங்களைக் காணப் பெரும்பொருள் செலவிட்டுச் செல்வோர் உண்டு. ஆவடி, அம்பத்தூர்ப் பகுதியில் வாழும் நமக்கோ ஒரே பகலில் கண்டு திரும்பத்தக்க தொலைவில் அத்தகைய துறைமுகம் ஒன்று இருக்கிறது. செங்குன்றம் வழியே பொன்னேரியை அடைந்து, அங்கே பேருந்து மாறினால் பழவேற்காடு. ஊர் நெருங்கும்போதே உப்புக் காற்றும் கருவாட்டு வாசனையும் எதிர்கொள்கின்றன.

முதலில் மகிமை மாதா திருத்தலத்திற்குச் சென்றோம். போர்த்துக்கீசியர் 1515-ஆம் ஆண்டில் இங்கே அன்னைக்கு ஆலயம் எழுப்பினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639-இல்தான் என்பதை நினைத்தால் இத்தலத்தின் தொன்மை விளங்கும். இன்று நிற்பது புதிய ஆலயம். செபமாலை சொல்லிவிட்டு ஊருக்குள் நடந்தோம்.

ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்திரியா கோட்டை, 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக விளங்கியது. இன்று எஞ்சியவை முட்புதரும் இடிபாடுமே; உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் காட்டியிராவிட்டால் கடந்தே போயிருப்போம். ஆனால் இத்துறையிலிருந்து சென்ற கட்டம் போட்ட துணியை மலாய் நாட்டார் இன்றும் ‘பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். கோட்டை மறைந்தும் ஊர்ப்பெயர் கைலியில் வாழ்கிறது!

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்கு காக்கப்பட்டுள்ளது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே குலச் சின்னங்களும் பெயர்களும் பொறித்த கற்பலகைகள். அவற்றினிடையே நின்றபோது வேறொரு வரலாறு நெஞ்சை உறுத்தியது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த காலங்களில், பசி தாளாமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஏழைகள் இக்கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர்கள் விவிலியம் ஓதிய ஒல்லாந்தர். கத்தோலிக்கரான போர்த்துக்கீசியரும் இக்கரையில் அவ்வணிகம் செய்ததை மறைப்பதற்கில்லை. விற்கப்பட்டோருக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை.

இறந்தோருக்கான செபத்தை முடித்துப் புறப்பட்டபோது, எங்களுடன் வந்த மூதாட்டி நகரவில்லை. “கல்லிலே பேர் உள்ளவர்களுக்குச் சொல்லியாயிற்று. கப்பலிலே போனவர்களுக்கும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள், ஐயா” என்றார்.

ஏரிப்பக்கம் திரும்பி நின்று சொன்னோம். படகுகள் மீனுடன் கரை சேர்ந்துகொண்டிருந்தன.